பெயருக்குப் பதில் ஒரு நம்பர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவள் நான். பத்துப் பேர் கூடிய இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அடுத்தவர்களுக்காக விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சொந்தமாக எதையும் எழுதியதில்லை. அப்படிப்பட்டவள் சமூகவியல் என்ற படிப்பைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவள் பாடங்களில் அதுவும் ஒன்று. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தபடியே சத்தமாகப் படிப்பாள். முதல் பாடத்தில் அந்தஸ்து, பங்கு, நெறி, குழு என்று வரிசையாக வரும். பிறகு சமூகத்தைப் பார்க்க மூன்று வழிகள் என்று ஒரு பாடம். போன வாரம் ஒரு வார்த்தையில் அவள் தடுமாறி நின்றபோது, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான் அதன் பொருளைச் சொல்லிவிட்டேன்.

"மம்மீ, ஆப்கோ கைசே மாலூம்?" என்றாள் இந்தியில், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டு.

எங்கேயோ காதில் விழுந்தது என்றேன். அது பொய். அந்த வார்த்தைகளை நான் படித்திருக்கிறேன், அவற்றை வைத்து ஒருத்திக்குக் கெடுதலும் செய்திருக்கிறேன். மகளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஹைதராபாத்துக்கு வெளியே, பாறைகளுக்கு நடுவில் கட்டிய ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். எந்தத் தொழிற்சாலை என்று சொல்லவில்லை; அந்த நாளில் நகரத்தைச் சுற்றி அப்படிப் பல இருந்தன. என் கணவர் அங்கே டர்னர், கடைசல் இயந்திரத்தில் வேலை. வரிசை வரிசையாக மஞ்சள் நிறக் கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு வீடு. பதினாறாவது கட்டடத்தின் இரண்டாவது வீடு எங்களுடையது. அதனால் எங்கள் நம்பர் 162.

பால் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஊரிலிருந்து வரும் கடிதம், எல்லாவற்றிலும் அந்த நம்பர்தான். வீடுகளில் தெலுங்கர், மலையாளி, வங்காளி, நாங்கள் என்று எல்லாரும் கலந்திருந்தோம். ஒருவர் பெயர் இன்னொருவர் வாயில் நுழையாது. நம்பர் எல்லாருக்கும் நுழைந்தது. "ஒன் செவன்டி ஒன்னுக்குப் பொண்ணு பொறந்திருக்கு" என்பார்கள். "ஒன் ஃபிஃப்டி சிக்ஸ் ஆன்ட்டி கூப்பிடறாங்க" என்று குழந்தைகள் ஓடிவரும். நான் அங்கே இருந்த ஒன்பது வருடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் என் கணவர் ஒருவர்தான். அவரும் கோபம் வந்தால் மட்டும்.

எங்களுக்கு ஒரு வீடு தள்ளி 164. அந்த வீட்டுக்காரர் கிரேன் ஓட்டுபவர். அதிகம் பேசமாட்டார். அந்த வீட்டு அக்கா அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள், குழந்தை இல்லை. வட ஆற்காடு பக்கம். நானும் அந்தப் பக்கம்தான். காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும்போது முதல் குடம் அவளுடையதாக இருக்கும். இரண்டாவது குடத்தை எனக்காக வைத்திருப்பாள். நான் வரிசையில் சண்டை போடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் ஒரு பெண் எங்கள் குடியிருப்புக்கு வந்தாள். எம்.ஏ. படிக்கிறாள், சமூகவியல். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். தார்நாகாவில் அத்தை வீட்டில் தங்கி இரண்டு பஸ் மாறி வருவாள். குடியிருப்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களை விசாரித்து ஓர் ஆய்வு எழுத வேண்டுமாம். வெல்ஃபேர் ஆபீஸில் அனுமதி கொடுத்திருந்தார்கள். முடித்ததும் ஒரு பிரதி அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. தமிழ் பேசுவாள், எழுத வராது. யாரோ என் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல, என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அவள் கேள்வி கேட்பாள், நான் பதிலை எழுதுவேன். பிறகு மத்தியானம் என் சமையலறையில் உட்கார்ந்து நான் படித்துக் காட்டுவேன், அவள் இங்கிலீஷில் எழுதிக்கொள்வாள். முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"பேரு நக்கோ அக்கா. யாரோட பேரும் எழுதக் கூடாது. மேல ஒரு நம்பர் போடுங்க, சாலு. எந்த பேப்பர் யாருதுன்னு நமக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

நான் நம்பர் போட்டேன். முதல் காகிதத்தில் 151. அடுத்ததில் 153. அந்த அக்காவின் காகிதத்தில் 164. நம்பர் போடு என்றால் எங்கள் குடியிருப்பில் யாரும் அந்த நம்பரைத்தான் போட்டிருப்பார்கள். நான் யோசிக்கவே இல்லை. அவள் பார்த்துவிட்டு, "சூப்பர் அக்கா, நீட்டா இருக்கு" என்றாள். வெகுநாள் கழித்து ஒருமுறை வந்தபோது என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். வரிசை எண் என்றுதான் நினைத்தாளாம். அது ஏன் ஒன்றிலிருந்து தொடங்கவில்லை என்று அவளுக்கும் தோன்றவில்லை.

அந்த மத்தியானங்கள் எனக்குப் பிடித்திருந்தன. அவளுக்கு வாய்மொழித் தேர்வு இருந்தது. அதற்காகப் பாடத்தை என்னிடம் சொல்லிப் பார்ப்பாள்.

"அந்தஸ்துன்னா நாம நிக்கிற எடம் அக்கா. பங்குன்னா அங்க நின்னுட்டு நாம என்ன செய்யணும்னு மத்தவங்க எதிர்பார்க்கறது."

"நான் எங்க நிக்கிறேன்?" என்று கேட்டேன்.

"நீங்களா? டர்னர் சம்சாரம். அம்மா. பி டைப் குவார்ட்டர்ஸ்."

அவ்வளவுதானா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. எழுதுவதற்கு ஒன்றும் விட்டுப்போகவில்லை என்பதும் உண்மைதான்.

நெறி என்பது யாரும் எழுதி வைக்காமலே எல்லாரும் கீழ்ப்படிகிற சட்டம் என்றாள். அதற்கு நானே உதாரணம் சொன்னேன். கம்பெனி பஸ்ஸில் முதல் மூன்று வரிசையில் நாங்கள் உட்காரமாட்டோம், அது ஆபீசர் வீட்டுப் பெண்களுக்கு. காலியாக இருந்தாலும் பின்னால் நின்றுகொண்டுதான் வருவோம். அப்படி ஒரு போர்டு எங்கும் கிடையாது.

"அய்யோ, ஃபர்ஸ்ட் கிளாஸ் அக்கா!" என்று எழுதிக்கொண்டாள்.

பிறகு அந்த மூன்று வழிகள். ஒன்று, சமூகம் உடம்பு மாதிரி. ஒவ்வொரு பழக்கமும் ஓர் உறுப்பு, ஏதோ ஒரு வேலை செய்கிறது. இன்னொன்று, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பார்ப்பது. அப்படிப் பார்த்தால் எங்கும் இழுபறிதான் தெரியும். மூன்றாவது, ஒரு பொருளுக்கோ செயலுக்கோ மனிதர்கள் என்ன அர்த்தம் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பது. பஸ்ஸின் முன் வரிசையை வைத்தே மூன்றையும் விளக்கினாள். எனக்குப் புரிந்தது. புரிந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

164 அக்கா அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள்.

"இன்னா தங்கச்சி, பாடம் நடக்குதா? எனக்கும் சேத்துப் படி, நானும் பாஸாயிடறேன்." பிறகு அந்தப் பெண்ணிடம், "ஏ காலேஜு, புருசன் மூக்கால கொறட்ட உடாம இருக்கறதுக்கு உங்க புக்குல எதனா போட்டுக்குதா?"

"இருந்தா மொதல்ல எங்க அத்தைக்குச் சொல்லணும் ஆன்ட்டி!"

அக்கா தன்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். கல்யாணம் ஆனவரா என்ற கேள்விக்கு, "பாத்தா எப்பிடித் தெரியுது?" என்று நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுக் காட்டினாள். நான் 'ஆம்' என்று எழுதினேன்.

ஆவணி மாதம் 157-இல் மருமகளுக்கு வளைகாப்பு. அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். எங்கள் வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சந்தனம் தடவி, வளையல் போட்டுவிட்டு வந்தோம். 164 அக்கா விடியற்காலையிலேயே வந்து ஐந்து வகைச் சாதமும் கிளறியிருந்தாள். வளையல் நேரத்தில் கதவோரம் தட்டை ஏந்திக்கொண்டு நின்று, எல்லாரையும் கேலி பேசிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் வளையல் போடக் கூப்பிடவில்லை. அவளும் வரவில்லை. கடைசியில் வெற்றிலைப் பாக்கை எங்களையெல்லாம் உட்கார வைத்துக் கொடுத்தார்கள், அவளுக்கு மட்டும் நின்றபடியே கையில் கொடுத்தார்கள். நாலு வருடமாக நான் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

மறுநாள் என் சமையலறையில் அந்தப் பெண் கேட்டாள். "அக்கா, அந்த ஆன்ட்டி மட்டும் ஏன் வளையல் போடல?"

நான் சொல்லியிருக்கக் கூடாது.

அக்காவுக்கு அந்த வீட்டுக்காரர் தாலி கட்டியவர் இல்லை. அவருக்கு ஊரில் மனைவி இருந்தாள். இவளோடு பதினைந்து வருடமாக இங்கே குடும்பம் நடத்தினார். கம்பெனிப் பதிவில் மனைவி என்று இவள் பெயரைத்தான் கொடுத்திருந்தார். வரிசையில் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெற்றிலைப் பாக்கை நின்றபடியே கொடுப்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் இதையெல்லாம் சொன்னேன். அவள் எழுத எழுத எனக்கு வார்த்தை வந்துகொண்டே இருந்தது. என் வாயிலிருந்து வருவதை ஒருவர் விடாமல் எழுதிக்கொள்வதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அதனால் வேறு யாருக்கும் தெரியாத ஒன்றையும் சொல்லிவிட்டேன். ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா என்னிடம் சொன்னது அது. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊர் மனைவிக்கு இவளே புடவை எடுத்து அவர் கையில் கொடுத்து அனுப்புவாள். தனக்கு எடுக்கிற அதே புடவை, நிறம் மட்டும் வேறு.

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "இது ரொம்பப் பெரிய விஷயம் அக்கா. மூணாவது வழிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது."

பெயர் வராதே என்று கேட்டேன். "ஹவ், ஆமாக்கா, நம்பர்தானே" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆய்வு முடிந்து, டைப் அடித்த பிரதி வெல்ஃபேர் ஆபீஸுக்குப் போய்விட்டது என்று தை மாதம் கடிதம் போட்டிருந்தாள். மாசியில் 164 வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். போய்விட்டார்.

வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கொடுப்பது அப்போது வழக்கம். வேலை கிடைத்தால் வீடும் நிற்கும். அக்காவுக்குப் போக வேறு இடம் இல்லை. அவரோடு வந்த அன்றே பிறந்த வீட்டுக் கதவு மூடிவிட்டது. காண்டீனில் காய்கறி நறுக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னிடம் வந்தாள்.

"உன் முத்து முத்தான எழுத்துல எழுதிக் குடு தங்கச்சி. ஆபீசருங்க எழுத்தப் பாத்தே மயங்கிடணும்."

விண்ணப்பத்தில் அவள் பெயரை எழுத வேண்டியிருந்தது. அப்போதுதான் முதல்முறையாக அவள் பெயரைக் கேட்டேன். சொன்னாள். அழகான பெயர். 'என் கணவர் காலமாகிவிட்டபடியால்' என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனாள்.

ஒரு மாதம் கழித்து ஆபீஸில் கூப்பிட்டு, அவர் மனைவி நீதானா என்பதில் சந்தேகம் இருக்கிறது என்று சொன்னார்களாம். அக்கம்பக்கத்தில் ஒருவரை அழைத்து வந்து சொல்லச் சொல், பார்க்கலாம் என்றார்களாம்.

"எவளோ பொறாம புடிச்சவ எதயோ போட்டுக் குடுத்துட்டா. நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. 'ஆமா, இவதான் பொண்டாட்டி, பக்கத்துலயே இருந்து பாத்துனுக்கிறேன்' அவ்ளோதான். நீ பொய் பேசமாட்டேன்னு ஊருக்கே தெரியும். நீ சொன்னா நம்புவாங்க."

என் கணவர் வேண்டாம் என்றார். "நீ போய் இன்னாத்த பேசப் போற? உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வர்றதுக்குள்ள ஆபீச மூடிட்டுப் போயிடுவாங்க."

நான் போனேன். பொய் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைத் தெலுங்கில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வெல்ஃபேர் ஆபீசர் நல்ல மனிதர். இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். மேஜை மேல் நீல அட்டை போட்ட அந்த ஆய்வு இருந்தது. ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்துக்கொண்டு, அதில் இருந்ததைத் தெலுங்கில் சொன்னார். 164 எண்ணில் இருக்கும் பெண்மணி சட்டப்படி மனைவி அல்ல. வளைகாப்பில் அவர் வளையல் போடுவதில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊரில் உள்ள மனைவிக்குத் தான் உடுத்தும் அதே புடவையை வேறு நிறத்தில் எடுத்து அனுப்புகிறார்.

அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஆபீசர் என்னிடம் கேட்டார். "நிஜமாம்மா இது?"

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். மேஜைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு அந்த நீல அட்டையை மூடினார். ஊரில் இருக்கும் மனைவிக்குக் கடிதம் எழுத வேண்டும், அதுதான் முறை என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஊரில் இருந்தவளுக்கும் நியாயம் இருந்தது. அவளை எங்கள் வரிசையில் யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை. நானும் புடவைக் கதைக்காக மட்டும்தான் அவளை நினைத்தேன். இதை முதல் வழியில் பார்த்தால், நாங்கள் பேசாமல் இருந்தது அந்த வரிசையில் ஓர் உறுப்பாக வேலை செய்துகொண்டிருந்தது, நான் அதை வெட்டிவிட்டேன். இரண்டாம் வழியில் பார்த்தால், ஒரு வேலைக்கும் ஒரு வீட்டுக்கும் இரண்டு பெண்கள், இரண்டு பேரையும் யாரும் எதுவும் கேட்டதில்லை. மூன்றாம் வழியில் பார்க்க எனக்கு இன்றுவரை தைரியம் இல்லை. என் மௌனத்துக்கு அக்கா என்ன அர்த்தம் கொடுத்திருப்பாள் என்று அதில் யோசிக்க வேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"பொடவ சங்கதிய உங்கிட்ட மட்டும்தானே சொன்னேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

"பேர் போடலக்கா" என்றேன். ஆபீஸுக்குள் நுழைந்ததிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சிரித்தாள். "பேரப் போட்டிருந்தா தப்பிச்சிருப்பேனே. என் பேரு இங்க யாருக்குத் தெரியும்? போன மாசம் வரிக்கும் உனக்கே தெரியாது."

கம்பெனி பஸ் வந்தது. முன் மூன்று வரிசையும் காலியாக இருந்தன. அக்கா ஏறி, முதல் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. நான் அவளைத் தாண்டிப் பின்னால் போய் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஆபீஸிலிருந்து ஆள் வந்து, ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற காகிதத்தை 164-இல் கொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.